வலையறுக்கும் கரங்களுக்கு நற்கூலி

பாலை வழியே நடந்து சென்றார் ஒருவர். தாகம் அவரை வாட்டியது. வழியிலே ஒரு கிணறு தென்படவே, அதனுள் இறங்கி நீர் பருகிவிட்டு மேலே வந்தார். அங்கே ஒரு நாய், நாக்கைத் தொங்கவிட்டு, தாகம் தாங்க மாட்டாமல் ஈர மண்ணை நக்கிக் கொண்டிருந்தது. சற்று முன்னர் தாம் பட்ட பாட்டையன்றோ இந்த வாயில்லாப் பிராணியும் படுகின்றது என்று அவர் உள்ளம் இளகியது. மீண்டும் கிணற்றினுள் இறங்கினார். தம் தோற்காலுறையில் நீரை முகந்து, அதனைப் பற்களால் கவ்விக்கொண்டு மேலேறி வந்து அந்நாய்க்குப் புகட்டினார். இறைவன் அவருடைய நற்செயலை ஏற்றுக்கொண்டான். அவருடைய பிழைகளைப் பொறுத்தருளினான்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் நபிமொழித் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது. இதனைச் செவியுற்ற தோழர்கள், விலங்குகளுக்குச் செய்யும் உதவிக்கும் எங்களுக்குக் கூலி உண்டா என வினவினர். உயிரின் ஈரம் உள்ள எதற்குச் செய்யும் உதவிக்கும் கூலி உண்டு என்பதே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அளித்த விடையின் கருத்து.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இந்நிகழ்ச்சியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கந்தக பூமி என்று பெயர் பெற்றது நம் மண். ஒரு குடம் நீருக்காகக் காத்து நின்ற அனுபவம் இல்லாத குடும்பம் இங்கே அரிது. தாகம் என்பது இன்னதென்று நாம் அறிவோம்.

ஆனால், நீருக்குள்ளேயே ஒரு தாகம் உண்டு. அது நீருக்கான தாகம் அன்று, காற்றுக்கான தாகம். கடலாமையும், கடற்பசுவும், ஓங்கிலும், திமிங்கிலமும் நீரில் வாழ்ந்தாலும் மீன்களைப்போல நீரில் மூச்சு விடுபவை அல்ல. நம்மைப்போல நுரையீரலால் மூச்சு விடுபவை. அவை அவ்வப்போது நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உள்வாங்கியே தீர வேண்டும். மனிதன் கைவிட்ட ஒரு துண்டு வலையில் அவற்றின் துடுப்போ வாலோ சிக்கிக்கொண்டால் மேலே வர இயலாது. தலைக்குமேல் சில முழம் உயரத்தில் காற்று இருக்க, அதனை எட்ட மாட்டாமல் அவை மூச்சு முட்டி மாள்கின்றன. கிணற்றடியில் நீரை எட்ட மாட்டாது தவித்த அந்நாயின் நிலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆளில்லா வேட்டை

நம் பாட்டனார் காலத்து வலைகள் பருத்தி நூலாலும் சணலாலும் பின்னப்பெற்றவை. கடலில் தவறிப் போனால் சில மாதங்களில் மட்கிப் போகும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே நைலான் வலை நம் கரைகளுக்கு வந்தது. எடை குறைவு, உறுதி மிகுதி, உப்பு நீரில் உளுத்துப் போவதில்லை. மீனவனுக்கு அது பெரும் பேறாகவே தோன்றியது. ஆயின் எந்தக் குணம் அதற்குச் சிறப்பைத் தந்ததோ, அதே குணம் கடலுக்குக் கேடாய் முடிந்தது. அறுந்து போன நைலான் வலை பல்லாண்டுகள் அழியாது கிடக்கின்றது. மெல்லிய நரம்பு போன்ற தங்கூசி வலையோ நீருக்குள் கண்ணுக்கே புலப்படுவதில்லை.

இவ்வாறு அலையும் வலைகளுக்கு ‘பேய் வலை’ என்று உலகோர் பெயரிட்டுள்ளனர். ஏனெனில் ஆளில்லாமலே அவை வேட்டையாடுகின்றன. மிதக்கும் வலையில் மீன்கள் சிக்கி மடிகின்றன. மடிந்தவற்றைத் தின்ன வரும் நண்டும் ஆமையும் தாமும் சிக்குகின்றன. சுமை மிகுந்து வலை அடியில் அமிழ்கின்றது. அங்கே யாவும் அழுகிக் கரைந்ததும் எடை குறைந்து மீண்டும் எழும்புகின்றது. மறுபடியும் வேட்டை தொடங்குகின்றது. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பும் சுற்றுச்சூழல் அமைப்பும் இணைந்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, கடலிற் சேரும் குப்பையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இத்தகைய மீன்பிடி கருவிகளே என மதிப்பிட்டது.

இவற்றை எல்லாம் மீனவர்கள் வேண்டுமென்றே எறிகின்றனர் என்று எண்ணிவிடலாகாது. பவளப் பாறையில் வலை சிக்கி அறுவது உண்டு. புயலில் அடித்துச் செல்லப்படுவது உண்டு. நாட்டுப்படகுக்காரர் இரவில் விரித்த வலையை விசைப்படகின் இழுவை மடி அறுத்துச் செல்வது உண்டு. பாக் நீரிணையில் எல்லைப் பிரச்சினையால் அஞ்சி, வலையைப் போட்டது போட்டபடி விட்டுக் கரை திரும்புவோரும் உண்டு. வலையை இழந்த ஏழை மீனவன் அதனினும் பெரிய துயரத்தில் இருக்கின்றான். ஆயினும், பழுதடைந்த வலையைக் கரைக்குக் கொண்டுவரும் சுமைக்குச் சலித்துக் கடலிலேயே வெட்டி எறிவோரும் இல்லாமல் இல்லை. நெகிழியைக் கடலில் எறிதல் கூடாது எனும் உலக உடன்படிக்கை விதி 1988-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியிலிருந்தே நடைமுறையில் இருக்கின்றது; அதில் செயற்கை நூல் வலைகளும் அடங்கும்.

நம் பக்கத்துக் கடல்

‘கடல் எங்கே, நாம் எங்கே?’ என்று சிலர் வினவக்கூடும். 1985-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பெறும் வரையில், விருதுநகரும் சிவகாசியும் அருப்புக்கோட்டையும் அம்மாவட்டத்தின் ஊர்களாகவே இருந்தன என்பதை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். கோட்டை எல்லை மாறியதேயன்றி உறவு மாறவில்லை. ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் செல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அங்குச் சென்று கடற்காற்று வாங்கி நிற்கும்போது நம் கண்ணெதிரே விரிந்து கிடப்பதுதான் மன்னார் வளைகுடா.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் பக்கம் வரையில் வரிசையாக அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பையும் 1986-இல் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 117 வகைப் பவளங்கள் இங்கே கணக்கிடப்பெற்றுள்ளன. அப்பவளங்களின்மீது அறுந்த வலை போர்வைபோல் படிந்து, அலைக்கு அலை உராய்ந்து, கிளைகளை முறித்து விடுகின்றது.

இக்கடலில் கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான உயிர் ஒன்று உண்டு. கடற்பசு என்று நூலோர் கூறுவர். நம் கரையோர மக்கள் ஆவுளியா என்பர். கன்றுக்குப் பாலூட்டும் பிராணி அது. பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மூச்சுக்கு மேலே வர வேண்டும். வலையில் சிக்கிய ஆவுளியாவுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவே. ஒரு காலத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் ஆகிய ஊர்களில் ஆவுளியா இறைச்சி விலைக்கு வந்ததை மண்டபத்துக் கடல்மீன் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்துள்ளனர். இன்று இந்தியக் கடல் முழுவதிலும் அவை ஒருசில நூறுகளுக்கு மேல் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தன் முதல் அட்டவணையில் வைத்துள்ளது. 2022 செப்டம்பர் 21-இல் தமிழ்நாடு அரசு, தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் பாக் விரிகுடாப் பரப்பை, இந்தியாவின் முதற் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது.

ஆமைகளுள் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, தோணியாமை, பெருந்தலை ஆமை என ஐந்து வகைகள் நம் கடல்களில் உள்ளன. பங்குனி ஆமை ஒரு முறைக்கு நூறு முட்டை அளவில் இடும். ஆயினும் ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து தாயாவது அரிது என்பர். 2025 ஜனவரியில் சென்னைப் பகுதிக் கடற்கரையில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அவை பேய் வலையில் மாண்டவை அல்ல; கரையை நெருங்கி வந்த இழுவைப் படகுகளின் மடியில் சிக்கி மூச்சு முட்டி மாண்டவை என்றே அறிஞர் கருதினர். வலை எதுவாயினும் சாவு ஒன்றே. இழுவை மடியில் ஆமை வெளியேற வழி அமைக்கும் கருவி உண்டு. அதனைப் பொருத்தாமையால் இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்க மறுத்தது. வாணிகத்திற்காக அஞ்சும் நாம், படைத்தவனுக்காக அஞ்ச வேண்டாமா?

உண்பது ஒன்று, வீணே கொல்வது வேறு

மார்க்க அறிஞர்களிடம் இவ்விடத்தில் ஒரு வினா எழும். கடலில் வேட்டையாடுவதை இறைவன் நமக்கு ஆகுமாக்கியிருக்கின்றானே! அல்மாயிதா அத்தியாயத்தில், இஹ்ராம் அணிந்த நிலையில் நிலத்து வேட்டை விலக்கப்பட்டபோதும் கடல் வேட்டை அனுமதிக்கப்பட்டுள்ளதே! அபூ உபைதா (ரலி) அவர்கள் தலைமையில் சென்ற முந்நூறு தோழர்கள் பசியால் வாடியபோது கடல் ஒதுக்கிய பெருமீனை உண்டு உயிர் தரித்தனரே! அவ்வாறிருக்க, கடலுயிர் சாவதைப் பற்றி இத்துணைக் கவலை எதற்கு?

வினா நியாயமானது. விடையும் தெளிவானது. கடல் இறைவன் விரித்த விருந்து; அதனை உண்ணுவதில் குற்றமில்லை. எவ்வெவ் உயிர் ஆகும், எவை ஆகா என்பதில் இமாம்களிடையே வேறுபாடு உண்டு. நம் இராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி நெறியில் கடலுயிர்களுள் மீன் மட்டுமே உணவாகும். கடற்கரை மரைக்காயர் குடும்பங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ நெறியில் அவ்வட்டம் விரிந்தது. எனினும் ஆமை ஆகாது என்பதே அந்நெறியின் வலுவான கருத்து. இஃது உணவு பற்றிய சட்டம்.

பேய் வலையோ யாருக்கும் உணவு தருவதில்லை. அதில் மடியும் மீனை ஏழை உண்பதில்லை, செல்வன் உண்பதில்லை, சந்தைக்கும் அது வருவதில்லை. உண்பார் இன்றிக் கொல்லும் கொலை அது. பயன் ஏதுமின்றி ஒரு சிட்டுக்குருவியைக் கொன்றவர்மீது, அக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்னும் கருத்தில் நபிமொழி ஒன்று நஸாயீ தொகுப்பில் வந்துள்ளது. உண்பதற்காக அறுக்கும் பிராணியிடத்தும் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு வேதனை நீளச் செய்யலாகாது என்று கற்பித்தவர் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். உயிருள்ள பிராணியைக் கட்டி வைத்துக் கொல்வதை அவர்கள் தடுத்தார்கள். பூனையொன்றைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானே தேடி உண்ண விடவும் செய்யாமல் சாகடித்த பெண், அக்காரணத்தால் நரகம் புகுந்தாள் என எச்சரித்தார்கள். வலையில் கட்டுண்டு, தேடி உண்ணவும் இயலாது, மூச்சு விடவும் இயலாது சாகும் ஆமையை நோக்குங்கால் அப்பூனையின் நினைவு வராமல் இருக்குமா?

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் வாழ்ந்த பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், கால்நடைகளுக்கு மனிதன்மீதுள்ள உரிமைகளைத் தனியே வரிசைப்படுத்தி எழுதினார்கள். அது நோயுற்றும் முதுமையுற்றும் பயன் தராத நிலையிலும் அதற்குத் தீனி தர வேண்டும், தாங்க மாட்டாத சுமையை ஏற்றலாகாது என்றெல்லாம் வகுத்தார்கள். மேலைநாடுகளில் பிராணி நலச் சட்டங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே ஒரு சட்ட அறிஞர் இதனைச் சட்டப் பொருளாகவே பேசினார் என்பது நாம் எண்ணிப் பெருமை கொள்ளத்தக்கது. அதனைச் செயலில் காட்டாதது எண்ணி வெட்கப்படத்தக்கது.

‘கொல்ல வேண்டுமென்று நான் நினைக்கவில்லையே!’ என்பது ஒரு சமாதானம். நினையாமல் நேர்ந்த சாவு என்றால் என்னவென்று நம் வட்டாரத்து மக்களுக்கு யாரும் சொல்ல வேண்டுவதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நாளில் எழுந்த அழுகுரல் இன்னும் நம் செவியில் ஒலிக்கின்றது. எவரும் எண்ணாமலே உயிர் போகும். ஆதலினால்தான் எண்ணிப் பார்த்து நடக்க வேண்டியது கடமையாகின்றது. மனித உயிரையும் பிராணி உயிரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நம் நோக்கமன்று. ஆயினும், தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் ஈடு செய்ய வேண்டும் என்று திருமறை விதித்திருப்பதன் உட்பொருளை நாம் உணர வேண்டும். எண்ணமில்லாமை பழியைக் குறைக்குமேயன்றிப் பொறுப்பைப் போக்காது.

வலையை அறுப்பவர் யார்?

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். ஆவுளியா சிக்கியது மீனவன் தன் கையால் விரித்த வலையிலேயே என்று கொள்வோம். அதனை விடுவிக்க வேண்டுமெனில் வலையை அறுக்க வேண்டும். அவ்வலை அவன் கடன் வாங்கி வாங்கியது. அன்றைய பாடும் போய், நாளைய பாட்டிற்கான கருவியும் போகின்றது. கரையில் நின்று இரக்கம் பேசுவது எளிது. நடுக்கடலில் தன் வலையின்மீது தானே கத்தி வைப்பது எளிதன்று.

எளிதல்லாத அதனைச் செய்தவர்கள் இருக்கின்றார்கள். பாக் விரிகுடாக் கரையோரத்து மீனவர்கள் தம் வலையில் சிக்கிய கடற்பசுக்களைப் பன்முறை உயிரோடு கடலில் விட்டிருக்கின்றனர். வனத்துறையினர் அவர்களைப் பாராட்டிப் பரிசுத் தொகையும் வழங்கியிருக்கின்றனர்.

குஜராத் கரையிலே நடந்தது இன்னும் பெரிது. நம் கடலோரத்தார் அம்மணி உழுவை என்று அழைக்கும் மாபெரும் சுறா, உலகிலுள்ள மீன்களுள் எல்லாம் பெரியது. மனிதனுக்குத் தீங்கு செய்யாதது. ஈரலின் எண்ணெய்க்காக அதனை அங்கே வேட்டையாடி வந்தனர். 2001-இல் சட்டம் தடுத்தது. சட்டம் மட்டும் போதாது என்று கண்டு, 2004 முதல் இந்திய வனஉயிர் அறக்கட்டளையும் வனத்துறையும் ஊர் ஊராகச் சென்று பரப்புரை செய்தனர். அந்நாட்டுச் சமயச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, அச்சுறாவைப் பிள்ளைப்பேற்றிற்காகத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டார். தாய்வீடு வந்த மகளைக் கொல்வார் உண்டோ? அச்சொல் மீனவர் நெஞ்சைத் தொட்டது. அவர்கள் வலையை அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்தார்கள். அறுந்த வலைக்கு அரசு ஈடு தந்தது. இரக்கம் மீனவனுடையது, இழப்பு அனைவருடையது. நீதி என்பது இதுவன்றோ?

நம் சமுதாயத்திலும் இத்தகைய செய்திகள் உண்டு. ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பெம்பாவுக்கு அருகில் மிசாலி என்றொரு சிறு தீவு உள்ளது. அதனைச் சூழ்ந்த கடலை நம்பி வாழ்வோர் பெரும்பாலும் முஸ்லிம் மீனவர்கள். அங்கே வெடி வைத்து மீன் பிடிக்கும் கொடிய வழக்கம் இருந்தது. வெடிமருந்தின் ஆற்றல் இன்னதென்று அறிந்த நமக்கு, நீருக்குள் அது பவளத்தையும் மீன்குஞ்சுகளையும் என்ன செய்யும் என்பது விளங்கும். 1998-இல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட கடலாக அறிவிக்கப்பட்டது. அரசாங்கத்தின் தடையால் நிற்காத வெடிவைப்பு, பள்ளிவாசல்களில் இமாம்கள் படைப்பின் சமநிலை பற்றியும் மனிதனின் பொறுப்பு பற்றியும் எடுத்துரைத்த பின்னர் பெரிதும் குறைந்தது என்று அங்குப் பணியாற்றியோர் எழுதியுள்ளனர். இந்தோனேசியாவின் உலமாக்கள் பேரவை 2014-ஆம் ஆண்டில், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காப்பது பற்றித் தனி ஃபத்வாவே வழங்கியது. மிம்பரில் எழும் சொல்லுக்கு வலிமை உண்டு.

காப்பாற்றும் முறை

இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். கடற்கரைக்குச் செல்லுங்கால் வலை சுற்றிய ஆமையைக் காண நேரின் என் செய்வது?

முதலாவது, வலையைப் பற்றி இழுத்தல் கூடாது. நூல் சதைக்குள் மேலும் இறங்கும். துடுப்பைப் பிடித்துத் தூக்குதலும் கூடாது. மழுங்கிய முனையுள்ள கத்தியோ கத்தரியோ கொண்டு ஒவ்வொரு நூலாக அறுக்க வேண்டும். இரண்டாவது, ஆமையை மல்லாத்திப் போடலாகாது. மூன்றாவது, அசைவற்றுக் கிடக்கும் ஆமையை இறந்துவிட்டதென எண்ணி உடனே கடலில் தள்ளிவிடலாகாது. மயங்கிய ஆமை நீருக்குட் சென்றால் மூழ்கிவிடும். அதனை வயிறு தரையில் படும்படி வைத்து, பின்புறத்தை ஒரு சாண் அளவு உயர்த்தி, நிழலில் கிடத்தி, மூக்கை மூடாதவாறு ஈரத்துணி போர்த்தி வைத்தல் வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் வடிந்து, நான்கு மணி நேரத்திலும் மீளலாம். ஒருநாள் வரையிலும் ஆகலாம். இதற்கிடையே வனத்துறைக்குச் செய்தி சொல்லல் வேண்டும். கடற்பசுவாயின், அதன் மூக்கு நீருக்குமேல் இருக்குமாறு தாங்கிக்கொண்டு விரைந்து வலையை அறுக்க வேண்டும். தற்செயலாகச் சிக்கியதை விடுவிப்பவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. ஒளிப்பவரையும் விற்பவரையுமே தண்டிக்கும்.

ஆயினும், சிக்கிய பின் விடுவிப்பதைக் காட்டிலும் சிக்காமல் காப்பதே மேல். கேரளத்தில் 2017 முதல் கொல்லத்தையடுத்த நீண்டகரையில் மீனவர்கள் தம் வலையில் வரும் நெகிழிக் குப்பையைக் கடலிலேயே கொட்டாது கரைக்குக் கொண்டு வருகின்றனர். பயனற்ற வலைகளை மீனவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கும் முயற்சியைத் தமிழ்நாடு அரசும் சென்னைக் காசிமேட்டில் தொடங்கியுள்ளது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாட்களும் வலை செப்பனிடும் காலமே. கழிந்த வலைகளை ஒருங்கே திரட்டுவதற்கு அதனினும் ஏற்ற காலம் ஏது? கடற்கரை ஊர்களின் ஜமாஅத்துகள் பள்ளிவாசலை அடுத்த ஓரிடத்தை அதற்கென ஒதுக்கினால் அதுவும் ஓர் அறமாகும்.

நமக்கென்ன கடமை?

கரிசல் மண்ணில் வாழும் நாம் செய்யக் கூடியதும் உண்டு. நம் ஊர்க் கண்மாய்களை நோக்குங்கள். நீர் வற்றுங் காலத்தில் மீன் பிடித்த பின்னர், கிழிந்த நைலான் வலையைக் கரை முள்ளிலேயே தொங்கவிட்டுச் செல்கின்றோம். அடுத்த மழைக்கு வரும் நாரையும் கொக்கும், நீர்ப்பாம்பும் குளத்தாமையும் அதில் சிக்குகின்றன. கடலில் நிகழ்வது கண்மாயிலும் நிகழ்கின்றது, அளவில்தான் வேறுபாடு. பிள்ளைகள் பறக்கவிடும் பட்டத்தின் நைலான் மாஞ்சா நூல் மரக்கிளையில் தங்கிப் பறவையின் சிறகை அறுக்கின்றது. பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் அந்நூலை நாடு முழுதும் தடை செய்தது. தடை செய்தது தீர்ப்பாயம். தடுக்க வேண்டியவர் வீட்டிலுள்ள தாயும் தந்தையும் அல்லரோ?

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் பேருண்மையை அல்அன்ஆம் அத்தியாயம் நினைவூட்டுகின்றது. மனிதர் கைகள் தேடிக்கொண்டவற்றின் காரணமாகத் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டது என்று அர்ரூம் அத்தியாயம் எச்சரிக்கின்றது. நெகிழியும் நைலானும் கனவிலும் இல்லாத காலத்தில், தரையோடு கடலையும் சேர்த்து அருளப்பெற்ற அவ்வெச்சரிக்கையை இன்று ஓதும்போது உள்ளம் நடுங்குகின்றது. நாம் திருந்தி மீள்வதற்காகவே விளைவின் ஒரு பகுதியைச் சுவைக்கச் செய்கின்றான் என்று அவ்வசனம் முடிகின்றது. ஆகவே, மீளும் வழி அடைக்கப்பட்டுவிடவில்லை.

ஈமானுக்குப் பல கிளைகள் உண்டு. அவற்றுள் மிகத் தாழ்ந்தது பாதையிலே கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்பது நாம் சிறுவயதில் மதரஸாவில் கற்ற பாடம். முள்ளை எடுத்துப் போட்டிருக்கின்றோம். கல்லைப் புரட்டிப் போட்டிருக்கின்றோம். கடலும் ஒரு பாதைதான். கண்மாயும் ஒரு பாதைதான். அவ்வழியே செல்வன நம் மொழி பேசாதவை. நன்றி சொல்லத் தெரியாதவை. அதனாலென்ன? கிணற்றுள் இறங்கிய அந்த மனிதரிடம் நாயும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் சொன்னான். தர வேண்டியவன் தந்தான்.

அடுத்த முறை ஏர்வாடிக்குச் செல்லும் குடும்பத்தார், கடற்கரையில் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் ஒரு முழ வலையைக் கண்டால், அதனை உருவி எடுத்துக் கரையிலுள்ள குப்பைத் தொட்டியில் சேருங்கள். உடன் வரும் பிள்ளை ‘இது எதற்கு அத்தா?’ என்று கேட்கும். கிணற்றடி நாயின் கதையை அப்போது சொல்லுங்கள்.

தரையிலும் கடலிலும் சீர் செய்யும் நல்லோர் கூட்டத்தில் எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.